பெயர் கேட்க மறந்த மனிதர்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், வெளிநாட்டுப் பயணங்களில் எனக்குக் கைகொடுத்தவர்களைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். நெற்பயிரின் நோய்களைப் பற்றி ஓராண்டு முழுவதும் எழுதியதற்கு வந்த கடிதங்களை விட அந்த அரைப் பக்கத்துக்கு வந்தவை அதிகம். ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவனுக்கு இது சற்று மனக்குறை தரும் செய்தியே என்றாலும், இம்முறை பக்கம் முழுவதையும் அக்கடிதங்களுக்கே விட்டுவிடுகிறேன். எழுதியவர்களிற் பலர் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால், எல்லோருக்கும் ஊரின் பெயர் மட்டுமே இடப்பட்டுள்ளது.

ரொறன்ரோவில் இருக்கும் மகனிடம் மூன்று மாதம் தங்கிவிட்டு வந்தேன். வீட்டுக்கு முன்னால் இருந்த பூங்காவில் ஒரு சீனத்து அம்மாவும் நானும் தினமும் ஒரே வாங்கில் இருப்போம். என் மொழி அவருக்குத் தெரியாது, அவருடைய மொழி எனக்குத் தெரியாது. ஆனாலும் தோடம்பழம் உரித்தால் பாதியை இரண்டு கைகளாலும் பிடித்து எனக்குத் தருவார். ஊருக்கு வந்த பிறகு அவருடைய நினைவு அடிக்கடி வருகிறது. மகனிடம் சொன்னால், "மனிதர் எல்லோரும் ஒன்றுதான் அம்மா" என்று முடித்துவிடுகிறான். அவ்வளவுதானா? அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வது?
— வாசகி, மாங்குளம்

உங்கள் மகன் சொன்னதில் பிழை இல்லை, அம்மா. ஆனால் அந்த வசனத்தைச் சொல்லிவிட்டால், அதன் பிறகு எதிரில் இருப்பவரைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமற் போய்விடுகிறது என்பது என் வருத்தம். எல்லோரும் ஒன்றுதான் என்றால், அந்த அம்மாவை ஏன் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? அவர் உங்களைப் போல இருந்தார் என்பதற்காக அன்று. பாதித் தோடம்பழத்தை ஒரு கையால் நீட்டாமல் இரண்டு கைகளாலும் ஏந்தித் தந்தார் என்பதை நீங்கள் கவனித்தீர்கள். அதைக் கடிதத்தில் எழுதவும் மறக்கவில்லை. அந்தப் பழக்கம் அவருடைய ஊரிலிருந்து அவரோடு வந்தது. உங்களுக்குக் கிடைத்தது பழம் மட்டும் அன்று.

எனக்கு இந்தப் பாடம் சிரிப்புக்கிடமாகவே கிடைத்தது. 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டு, பிலிப்பைன்ஸ் நாட்டின் லொஸ் பான்யோஸ் என்ற ஊரில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகத்தில் ஆறு வாரப் பயிற்சிக்குப் போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. 1960 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்த நிறுவகத்தின் பெயரை நாற்பது வயது தாண்டும் வரை விதைநெல் மூட்டைகளோடு சேர்த்தே கேள்விப்பட்டிருந்தேன்; நேரிற் பார்ப்பேன் என்று எண்ணியதில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போவதற்காக, அங்கே ஜீப்னி என்று அழைக்கப்படும் வாகனம் ஒன்றில் ஏறினேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படையினர் விட்டுச் சென்ற ஜீப்புகளை நீட்டி, வண்ணம் பூசி, பயணிகள் வண்டியாக்கியதிலிருந்து வந்த வடிவம் அது. எங்கள் பழைய தட்டிவானின் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நீளவாக்கில் இரண்டு வாங்குகள், பயணிகள் முழங்காலோடு முழங்கால் முட்ட எதிரெதிரே இருப்பார்கள். நடத்துநரைக் காணவில்லை.

சிறிது தூரம் போனதும், பின்பக்கம் இருந்த ஒரு பெண் என்னை நோக்கிப் பணத்தாள் ஒன்றை நீட்டினார். என் சட்டையையும் செருப்பையும் பார்த்து, வழியில் கைச்செலவுக்குத் தருகிறார் என்று எண்ணிவிட்டேன். மானம் மரியாதையோடு கை கூப்பி மறுத்தேன். அவர் மீண்டும் நீட்டினார். நான் மீண்டும் கூப்பினேன். வண்டி முழுவதும் சிரிக்கத் தொடங்கிய பிறகே, என் அருகில் இருந்த முதியவர் அந்தத் தாளை வாங்கித் தனக்கு முன்னால் இருந்தவரிடம் கொடுத்தார். அது கைக்குக் கை மாறிச் சாரதியிடம் போய்ச் சேர்ந்தது. மிகுதிக் காசு அதே கைகளின் வழியாகத் திரும்பி வந்து அந்தப் பெண்ணின் கையில் விழுந்தது. பணம் போகும் வழியில் இருப்பவர் எல்லோரும் அதைக் கடத்திவிட வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத முறை. முன்பின் அறியாத ஏழெட்டுப் பேரின் கைகளை நம்பிக் காசைக் கொடுக்கும் இந்த வழக்கத்தை, ஒவ்வொருவரையும் சோதித்து உள்ளே விட்ட காலத்திலிருந்து நேரே வந்திருந்த நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியாது. இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

அந்த ஆறு வாரத்தில் நான் கற்ற இன்னொன்று சொற்களைப் பற்றியது. பயிற்சி ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலத்தில் வயலில் நிற்பதும் 'ரைஸ்', மூட்டையில் இருப்பதும் 'ரைஸ்', தட்டில் இருப்பதும் 'ரைஸ்'. உணவகத்தில் பரிமாறிய அம்மையார்தான், நெல்லுக்கு 'பலாய்', அரிசிக்கு 'பிகாஸ்', சோற்றுக்கு 'கானின்' என்று தங்கள் மொழியில் மூன்று சொற்கள் இருப்பதைச் சொன்னார். நான் மூன்று விரல்களை மடக்கி நெல், அரிசி, சோறு என்றேன். பக்கத்து மேசையிலிருந்து ஒருவர், "வீ, ஹால், பத்" என்றார். அவர் அனுராதபுரம் மாவட்டத்திலிருந்து அதே பயிற்சிக்கு வந்திருந்த சிங்கள விவசாயப் போதனாசிரியர். மூன்று நாட்களாக ஒரே வகுப்பில் இருந்தும் அதுவரை நாங்கள் தலையசைத்ததற்கு மேல் எதுவும் பேசியிருக்கவில்லை. இருவருடைய ஊர்களுக்கும் இடையில் அரை நாட் பேருந்துப் பயணம்தான். அந்தத் தூரத்தைக் கடக்க இருவரும் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அன்றிரவு அவருக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழிலும் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்திலும், குளத்து நீர் கடைவரம்புக்குப் போய்ச் சேராத கதையையே பேசினோம். அது இரண்டு ஊரிலும் ஒரே கதை. மற்றவை ஒரே கதை அல்ல என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அவற்றை மூன்றாவது வாரத்திலேதான் தொட்டோம்.

நிறுவகத்தின் விதை வங்கிக்கும் எங்களை அழைத்துச் சென்றார்கள். இன்று அங்கே 1,30,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் கடுங்குளிர் அறைகளில் இருக்கின்றன. 1966 இல் வெளியான ஐ.ஆர். 8 இனமும் அதன் வழிவந்தவையும் ஆசியாவின் வயல்களை நிறைத்த பிறகு, 1970களில் கபில நிறத் தத்தி அவற்றை மொய்த்தபோது, அப்பூச்சியைத் தாங்கும் குணத்தைத் தேடி ஆராய்ச்சியாளர்கள் பழைய இனங்களிடம் திரும்ப வேண்டியிருந்தது. அப்படிக் கைகொடுத்தவற்றில் இலங்கையின் 'ரத்து ஹீனட்டி'யும் ஒன்று. இதைக் கேட்டு அனுராதபுரத்து நண்பர் தம்முடைய சொந்த மாமனாரைப் பாராட்டியது போல நிமிர்ந்து நின்றார். வேறுபாடு என்பது அழகுக்காக வைத்திருப்பது அன்று, ஆபத்தில் உதவுவது என்று வயல்களில் நின்று இருபது ஆண்டுகள் சொல்லிவந்தவன் நான். ஆனால் மனிதரை விதைநெல்லோடு ஒப்பிடுவதை அதற்கு மேல் நீட்டக் கூடாது. விதையைக் குளிரறையில் பூட்டி வைக்கலாம், மனிதரோடு ஒரே வாங்கில் இருந்து பார்க்க வேண்டும். நீங்கள் இருந்து பார்த்திருக்கிறீர்கள்.

இனி, நன்றி சொல்லும் வழி. அந்த அம்மா எந்த ஊரவர் என்பதைப் பேரப்பிள்ளையை விட்டு விசாரிக்கச் சொல்லுங்கள். சீன மொழி என்று நாங்கள் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். பேச்சில் அது பல மொழிகள். பெய்ஜிங் பக்கத்து மண்டரின் பேசுபவர் நன்றிக்கு 'ஷியே ஷியே' என்பார். ஹொங்கொங் பக்கத்துக் கன்ரனீஸ் பேசுபவர் பரிசொன்றைப் பெற்றால் 'தோ ச்சே' என்பார். சரியான சொல்லைப் பேரப்பிள்ளை கைப்பேசியிற் பதிவுசெய்து அனுப்பட்டும். அடுத்த தடவை போகும்போது அந்தச் சொல்லோடு, ஓர் எள்ளுருண்டையை இரண்டு கைகளாலும் ஏந்திக் கொடுங்கள். அவருடைய பெயரையும் கேளுங்கள். நான் இந்தக் கடைசி வேலையைப் பல இடங்களிற் செய்யத் தவறியிருக்கிறேன்.

நான் கட்டாரில் ஆறு ஆண்டுகள் கட்டட வேலை செய்தவன். எங்கள் அறையில் நேபாளத்தவர் இருவர், வங்காளதேசத்தவர் ஒருவர், கேரளத்தவர் ஒருவர், நான். 2015 ஏப்ரலில் நேபாளத்தில் நிலநடுக்கம் வந்தபோது அறைத் தோழர் ஒருவரின் வீடு இடிந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து காசு கொடுத்தோம். என் பங்கு இரண்டு மாத மேலதிக நேரச் சம்பளம். அப்பா இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். "உன் தங்கைக்குச் சேர்த்திருக்கலாம், அவன் யார், நீ யார்" என்கிறார். நான் செய்தது பிழையா?
— வாசகர், புதுக்குடியிருப்பு

பிழை இல்லை, தம்பி. ஆனால் உங்கள் அப்பாவை நான் குறைவாக எண்ணவில்லை. மகன் வெயிலில் நின்று உழைத்த காசு எங்கே போனது என்று கணக்குக் கேட்பது தகப்பனின் வேலை. அவருக்குத் தெரியாதது, அந்த அறை எப்படிப்பட்டது என்பதுதான். அதை நீங்கள் அவருக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும் பிள்ளைகள் எல்லோரும் "நல்லாக இருக்கிறேன்" என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திவிடுவார்கள். இப்போது ஊரில் இருக்கிறீர்கள், இனியாவது சொல்லுங்கள். காய்ச்சலில் கிடந்தபோது யார் கஞ்சி வைத்தார், சம்பளம் பிந்திய மாதத்தில் யாருடைய பருப்பில் ஐவரும் சாப்பிட்டீர்கள், யாருடைய குறட்டைக்கு யார் எழுந்து சண்டை பிடித்தார் என்று ஒன்றும் விடாமற் சொல்லுங்கள். குறட்டையையும் சேர்த்துச் சொன்னாற்றான் அப்பா நம்புவார்.

ஒரு செய்தியை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சூரியன் மேட ராசியிற் புகுவதை ஒட்டி நாங்கள் சித்திரை வருடப்பிறப்பைக் கொண்டாடும் அதே நாட்களில்தான் நேபாளத்தவருக்கு விக்கிரம ஆண்டு பிறக்கிறது. வங்காளதேசத்தவருக்கு 'பொஹேலா பொய்ஷாக்' வருகிறது. கேரளத்தவருக்கு விஷு வருகிறது. சிங்களவருக்கு அலுத் அவுருது வருகிறது. ஐந்து கட்டில்கள் உள்ள உங்கள் அறையில் ஏப்ரல் நடுப்பகுதியில் எல்லோருக்கும் புத்தாண்டு பிறந்திருக்கும். வங்காளத்துத் தோழர் நோன்புப் பெருநாளையும் நீங்கள் தைப்பொங்கலையும் தனித்தனியே கொண்டாடியிருப்பீர்கள், அது வேறு. அந்த நிலநடுக்கம் ஏப்ரல் 25 இல் வந்தது. புத்தாண்டுக்கு ஒன்றாகச் சாப்பிட்டு இரண்டு வாரம் கூட ஆகியிராத அறையில், ஒருவருடைய வீடு விழுந்தால் மற்றவர் கட்டிலில் படுத்துக்கொண்டு அவன் யார், நான் யார் என்று கேட்க முடியாது.

அப்பாவுக்கு 2004 டிசம்பர் 26 நினைவிருக்கும். ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் துடைத்துச் சென்ற பிறகு, எங்கள் மொழியில் ஒரு சொல்லும் தெரியாதவர்கள் வந்து கிணறுகளை இறைத்தார்கள், கூடாரங்களை அடித்தார்கள். அவர்களுக்கும் வீட்டில் தகப்பன்மார் இருந்திருப்பார்கள். சேமிப்பு எங்கே போனது என்று கேட்டிருப்பார்கள். இதை நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். அவராக யோசிக்க விடுங்கள். தங்கைக்குச் சேர்ப்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

வெளிநாட்டில் எங்களை விருந்தாளியாக வைத்திருப்பவர்களுக்கு வன்னியிலிருந்து என்ன கொண்டுபோகலாம்?
— வாசகி, ஒட்டுசுட்டான்

பனங்கட்டி, எள்ளுருண்டை, கச்சான், பனையோலைப் பெட்டி. தேன் கொண்டுபோவதானால், போகும் நாடு அனுமதிக்கிறதா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியையும் பாற்பொருள்களையும் கொண்டுவர முடியாது. எருமைத் தயிரை மறந்துவிடுங்கள். கருவாட்டுக்கு அப்படித் தடை இல்லை என்றாலும், ஒன்பது மணித்தியாலம் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து வரப்போகிறவரும் மனிதர்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சுவிற்சர்லாந்தில் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதாக என் மருமகள் சொல்கிறாள். நம்பலாமா? அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள்?
— வாசகர், மல்லாவி

நம்பலாம். பேர்ண் நகரத்தின் ஒயிரோப்பா சதுக்கத்தில் இருக்கும் அந்தக் கட்டடத்துக்குச் 'சமயங்களின் இல்லம்' என்று பெயர். 2014 டிசம்பரில் திறக்கப்பட்டது. எங்கள் சைவக் கோயில், பள்ளிவாசல், பௌத்த நிலையம், துருக்கியிலிருந்து வந்த அலெவி சமூகத்தாரின் வழிபாட்டிடம், கிறித்தவத் திருச்சபைகளின் வழிபாட்டிடம் ஆகியவை அதற்குள் இருக்கின்றன. மகளைப் பார்க்க 2016 இல் போயிருந்தபோது இரண்டு முறை அங்கே போனேன். உள்ளே நுழையும்போது எனக்கு எந்தப் பெரிய சிந்தனையும் வரவில்லை. இத்தனை சமயத்தார் செருப்பைக் கழற்றினால் எப்படி அவரவர் செருப்பைக் கண்டுபிடிப்பார்கள் என்றுதான் யோசித்தேன். சமாளிப்பது என்று நீங்கள் கேட்பது சரியான சொல்தான். ஒரு பக்கத்தில் மேளம் அடிக்கும்போது இன்னொரு பக்கத்தில் தியானம் நடக்க வேண்டும். நேரத்தைப் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள், வேறு மந்திரம் இல்லை.

எங்களிடம் இது இல்லை என்று பெருமூச்சு விட வேண்டாம். முறிகண்டிப் பிள்ளையாருக்கு முன்னால் ஏ-9 வீதியில் போகும் வாகனங்கள் நின்று போவது உங்களுக்குத் தெரியும். தேங்காய் உடைக்கும் சாரதிகளில் சைவரும் உண்டு, பௌத்தரும் உண்டு, கழுத்தில் சிலுவை தொங்குபவரும் உண்டு. யாரும் அதற்குக் கட்டடம் கட்டித் திறப்பு விழா வைக்கவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்ற இதழில் ஒரு வரியில் குறிப்பிட்ட 'பேர்ணில் வழிகாட்டியவர்' யார் என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். பனி விழுந்த ஒரு மாலையில் தனியாகப் போன நான் மாறான தரிப்பிடத்தில் இறங்கிவிட்டேன். கைப்பேசி செத்துவிட்டது. சட்டைப்பையில் மகளின் முகவரி எழுதிய துண்டு இருந்தது. அதை நீட்டினால் வாங்கிப் பார்ப்பதற்கு வீதியில் ஆள் இல்லை. கடைசியில் வந்தவர் எரித்திரியா நாட்டைச் சேர்ந்த ஒரு முதியவர். எனக்குத் தெரிந்த ஜேர்மன் சொற்கள் பத்து, அவருக்கு நூறு இருக்கலாம். துண்டைப் படித்தார், என் கைகளைப் பார்த்தார், தம்முடைய கையுறைகளைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். பிறகு பக்கத்திலேயே இருந்த தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று மகளுக்குத் தொலைபேசி எடுத்துக் கொடுத்தார். மகள் வந்து சேரும் வரை என்னைச் சும்மா இருக்க விடவில்லை. 'இஞ்செரா' என்ற, எங்கள் தோசையைப் போலப் புளித்த மாவிற் சுட்ட அகன்ற ஓர் அடையை ஒரு பெரிய தட்டில் விரித்து, அதன் மேல் கறிகளை வைத்தார்கள். அவரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் நானும் அந்த ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிட்டோம். பிறகு அந்த அம்மா பச்சைக் கோப்பிக் கொட்டைகளை எங்கள் முன்னிலையில் வறுத்து, இடித்து, காய்ச்சி மூன்று சுற்று ஊற்றினார். மூன்று சுற்றும் குடித்துவிட்டே எழும்ப வேண்டும் என்பது அவர்களுடைய முறை என்று மகள் பின்னர் சொன்னாள். எரித்திரியாவில் 1961 முதல் 1991 வரை முப்பது ஆண்டுகள் போர் நடந்தது. முதியவர் தம் முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பைக் காட்டினார். நான் என் தோளைக் காட்டினேன். அதைப் பற்றி அதற்கு மேல் பேச இருவரிடமும் சொல் இல்லை, தேவையும் இருக்கவில்லை.

வாசலில் கையுறைகளைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் வாங்க மறுத்தார். பேர்ண் நகரத்தார் ஜேர்மன் பேசினாலும் நன்றிக்குப் பிரெஞ்சுச் சொல்லான 'மெர்சி'யையே சொல்வார்கள். நானும் மெர்சி என்றேன், அவரும் மெர்சி என்றார். பெயரைக் கேட்கவில்லை. மகள் அடுத்த வாரம் போய்த் தேடியபோது, அந்த வரிசையில் எல்லாக் கதவும் ஒன்றுபோல இருந்தன. கையுறைகள் இப்போது கிளிநொச்சியில், என் அலுமாரியில் இருக்கின்றன. இங்கே அவற்றுக்கு வேலை இல்லை.

வெளிநாட்டவர் எல்லோரும் நல்லவர்கள் என்பதுபோல எழுதுகிறீர்கள். நிறத்தைப் பார்த்து ஒதுக்குபவர்கள் அங்கே இல்லையா?
— மாணவர், வவுனியா

இருக்கிறார்கள். ஒரு விமான நிலையத்தில் வரிசையில் நின்ற எல்லோரையும் விட்டுவிட்டு என்னையும், என்னைப் போன்ற நிறமுடைய இன்னும் இருவரையும் ஓரமாக நிறுத்தி, இரண்டு மணித்தியாலம் பையைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தார்கள். அந்த உத்தியோகத்தருக்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை. அவரிடமும் ஏதோ கற்றுக்கொண்டேன் என்று கதை அளக்கவும் போவதில்லை. எதையும் கற்றுக்கொள்ளவில்லை, கால் மட்டும் வலித்தது.

ஆனால் வெளிநாட்டில் என்னை ஏமாற்றியவர் யார் என்று கேட்டால், கணக்கு வேறு விதமாக வரும். ஒரு தொடருந்து நிலையத்தில், "அண்ணை, ஊரிலை எவடம்?" என்று அன்பொழுகக் கேட்டு, பயணச்சீட்டு எடுத்துத் தருவதாக என் பணத்தை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் மறைந்தவர், தேன் போன்ற தமிழ் பேசினார். எந்த ஊர்த் தமிழ் என்று கேட்காதீர்கள். இரண்டு ஊராருக்குள் சண்டை மூட்ட எனக்கு விருப்பமில்லை.

வெளிநாடுகளுக்குப் போய்ப் பலவிதமான மனிதரைக் கண்டு நெகிழ்ந்ததாக எழுதுகிறீர்கள். என் தாய் தகப்பன் 1977 இல் மலையகத்திலிருந்து லொறியில் வந்து இங்கே குடியேறியவர்கள். நான் பிறந்தது, படித்தது, பிள்ளைகளைப் பெற்றது எல்லாம் இங்கேதான். இன்றும் ஒரு வாக்குவாதம் வந்தால், "தோட்டக்காட்டார்" என்ற சொல் வெளியே வந்துவிடுகிறது. வேற்று நாட்டவருக்கு நன்றி சொல்வது இலகு. பக்கத்துக் காணியில் இருப்பவருக்கு?
— வாசகி, தருமபுரம்

உங்கள் கடிதத்தை முதலில் ஒதுக்கி வைத்தேன். பிறகு இரவில் எழுந்து மறுபடியும் படித்தேன். இந்தப் பக்கத்தில் வேறு யாரும் கேட்காத கேள்வி இது; விடை எனக்கு வசதியானதாக இல்லை.

இளைய வாசகர்களுக்காக ஒரு சில வரிகள். தேயிலை, கோப்பித் தோட்டங்களை உண்டாக்குவதற்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பரம்பரையினரில் மிகப் பெரும்பாலோரை 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964 இல் இரண்டு நாடுகளின் பிரதமர்களும் செய்த ஒப்பந்தம், அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் பங்கு பிரித்தது. போகிறீர்களா, இருக்கிறீர்களா என்று அந்த மக்களிடம் யாரும் முதலிற் கேட்கவில்லை. 1958 இலும் 1977 இலும் வன்முறைகள் நடந்தபோது அடிபட்டு வந்தவர்களில் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காட்டோரங்களிற் குடியேறினார்கள். இன்று நாங்கள் வன்னியின் பசுமை என்று படம் எடுத்துப் போடும் வயல்களிற் பலவற்றில், முதலில் வேர் கிளறியதும் கட்டை எரித்ததும் அவர்களுடைய கைகள்.

எங்கள் குடும்பம் வட்டக்கச்சிக் குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்ற குடும்பம். 1977 இல் எனக்கு இருபது வயது. அந்த ஆண்டுப் பெரும்போகத்தில், புதிதாக வந்த குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் எங்கள் வயலுக்குக் களை பிடுங்க வந்தார்கள். அவர்களில் ஒருவர், மலேரியாக் காய்ச்சலில் அம்மா பதினொரு நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, வேலை முடிந்து தன் குடிலுக்குப் போகாமல் எங்கள் வீட்டில் தங்கினார். ரொட்டி சுட்டார், சம்பல் அரைத்தார், என் தம்பி தங்கைகளைக் குளிக்க வார்த்தார், அம்மாவின் நெற்றியில் ஈரத்துணி மாற்றினார். அதற்கு அவர் கூலி கேட்டதாக எனக்கு நினைவில்லை. எங்கள் வீட்டார் கொடுத்ததாகவும் நினைவில்லை.

அவருக்குத் தேத்தண்ணீர் தனிப் பேணியில் கொடுக்கப்பட்டது. அவரே ஊற்றி அவரே குடிப்பார். குடித்த பின் கழுவி, வெளித் திண்ணையின் தூணில் அடித்திருந்த ஆணியிற் கொழுவிவிடுவார். எங்கள் எல்லோருக்கும் அவர் சமைத்த சோற்றை உள்ளே இருந்து நாங்கள் சாப்பிட்டோம், அவர் திண்ணையிற் சாப்பிட்டார். அது எனக்கு அப்போது பிழையாகத் தோன்றவில்லை. காகம் வேலியில் இருப்பது போல, பேணி ஆணியில் இருந்தது.

பேர்ணில் அந்தத் தட்டில் கைவைத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தப் பேணிதான். சென்ற இதழில் தட்டையும் எழுதவில்லை, பேணியையும் எழுதவில்லை. 'வழிகாட்டியவர்' என்ற ஒரு வரியோடு தப்பிவிட்டேன். ஜீப்னியில் முன்பின் அறியாதவர் எல்லோரும் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குக் காசைக் கடத்தியதைப் பார்த்து நான் இறங்க மறந்ததற்கும் காரணம் இதுவாக இருக்கலாம். பிறநாட்டில் கண்ட வழக்கத்தைப் பாராட்டுவதற்கு நான் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பயணச்சீட்டோடு அந்தப் பெருந்தன்மையும் இலவசமாகக் கிடைத்தது. பக்கத்துக் காணிக்காரருக்கு நன்றி சொல்வதானால் காணிக் கச்சேரியில், கோயில் உபயத்தில், பிள்ளைகளின் கலியாணப் பேச்சில் இடம் விட வேண்டும். அதனால்தான் அது கடினம். உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான விடை என்னிடம் இல்லை.

அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்டதில்லை. அம்மா அவரை "இந்தா பிள்ளை" என்றுதான் கூப்பிட்டார். எரித்திரிய முதியவரின் பெயரைக் கேட்காததற்கு மொழியைச் சாட்டலாம். இதற்குச் சாட்ட எதுவும் இல்லை, இருவரும் தமிழே பேசினோம். உங்கள் தாயார் அந்த நாட்களில் வட்டக்கச்சிப் பக்கம் களை பிடுங்கப் போனவரா என்று கேட்டுச் சொல்வீர்களா? அவராக இருக்க வேண்டியதில்லை. அவருக்கும் ஏதாவது ஒரு வீட்டுப் பேணி நினைவில் இருக்கும்.